தறியை விற்றா சினிமா எடுப்பது? செல்லப்பாவைப் பார்த்துச் சிரித்தால் மட்டும் போதாது!

சங்கரன்கோவில் --

சினிமா கம்பெனி ஆரம்பிக்க என்ன வேண்டும்?

ஒரு போர்டு வேண்டும். ஒரு மேஜை, இரண்டு நாற்காலி வேண்டும். "புதுமுகங்கள் தேவை" என்று ஒரு விளம்பரம் வேண்டும். அவ்வளவுதான்!

கதை? அது கிடக்கட்டும், பிறகு பார்த்துக் கொள்ளலாம். பணம்? அதற்குத்தான் அப்பா இருக்கிறாரே!

இந்தக் கூத்தை 1964-ம் ஆண்டிலேயே தமிழ் ரசிகர்களுக்குப் படம் பிடித்துக் காட்டிவிட்டார் டைரக்டர் ஸ்ரீதர். படத்தின் பெயர் "காதலிக்க நேரமில்லை". அதில் நாகேசுக்கு செல்லப்பா என்று பெயர். அவர் ஆரம்பிக்கும் கம்பெனிதான் "ஓகோ புரொடக்சன்ஸ்".

60 ஆண்டு தாண்டிவிட்டது. இன்றைக்கும் டெலிவிஷனில் அந்தக் காட்சி வந்தால் கடையில் கல்லாவில் இருக்கும் அண்ணாச்சி சில்லறை எண்ணுவதை நிறுத்திவிட்டுப் பார்க்கிறார். பஸ்சுக்கு நிற்கிற ஆள், ஒரு பஸ்சை விட்டுவிட்டு அடுத்த பஸ்சில் போகிறார்.

சிரிக்க வேண்டியதுதான். ஆனால் சிரித்து முடித்த பிறகு கொஞ்சம் யோசிக்கவும் வேண்டும். காரணம், படத்தில் இருந்தது ஒரே ஒரு செல்லப்பா. இன்றைக்கோ ஊருக்குப் பத்து செல்லப்பா!

எஸ்டேட் அப்பா

படத்தில் செல்லப்பாவின் அப்பா விசுவநாதன். அந்த வேடத்தில் டி.எஸ்.பாலையா வெளுத்துக் கட்டினார். எஸ்டேட் முதலாளி. பணத்துக்குக் குறைவில்லை. ஆனால் பையன் சினிமா எடுக்கக் கேட்டால் மட்டும் பைசா பெயராது.

பையனும் விடவில்லை. கம்பெனிக்குப் பெயர் வைத்தாச்சு. எஸ்டேட் மானேஜரின் மகளையே கதாநாயகியாகப் பிடித்தாச்சு. அந்த வேடத்தில் சச்சு நடித்தார். இனி பாக்கி இருப்பது இரண்டே இரண்டு. ஒன்று பணம். இன்னொன்று கதை!

இதைப் பார்த்து ஜனங்கள் ஏன் சிரித்தார்கள்?

செல்லப்பாவிடம் துட்டு இல்லை என்பதற்காகச் சிரிக்கவில்லை. துட்டு இல்லாதவன் படம் எடுக்க ஆசைப்படுவது குற்றமும் இல்லை, கேலியும் இல்லை. வேலையைத் தொடங்காமலே முதலாளி வேஷம் போட்டாரே, அதற்குத்தான் சிரித்தார்கள். தலையைச் செய்யும் முன்னே கிரீடம் செய்த கதை அது.

இன்னொரு காரணமும் உண்டு. அது முக்கியமான காரணம். செல்லப்பா தோற்றாலும் ஒருத்தர் குடியும் முழுகாது! எஸ்டேட் அங்கேயே இருக்கும். அப்பா இரண்டு திட்டு திட்டுவார். ராத்திரி சாப்பாடு வழக்கம்போல் கிடைக்கும். ஆகவே ரசிகன் கவலையில்லாமல் சிரித்தான்.

நாலு தறிக்கார அப்பா

அதே செல்லப்பாவை அந்த எஸ்டேட்டில் இருந்து தூக்கி, சங்கரன்கோவிலில் கொண்டுவந்து வைத்துப் பாருங்கள்.

இங்கே அப்பாவுக்கு எஸ்டேட் கிடையாது. வீட்டுக்குப் பின்னால் நாலு விசைத்தறி. நூல் விலை ஏறினால் அவருக்குத் தூக்கம் போகும். கரண்டு போனால் கூலி போகும். அம்மா தார் சுற்றுகிறாள். அக்கா கல்யாணத்துக்கு வாங்கிய கடன் இன்னும் அடைபடவில்லை.

அந்த வீட்டுப் பையன் வந்து, "அப்பா, ரெண்டு தறியைக் குடுத்துட்டுப் படம் எடுக்கப் போறேன்" என்றால்?

தியேட்டரில் ஒருத்தனும் சிரிக்க மாட்டான்!

தறி போனால் திரும்ப வராது. நகை பாங்கில் ஏலம் போனால் அம்மா கழுத்து வெறுங்கழுத்துதான். படம் பெட்டிக்குள்ளேயே தூங்கினால் வட்டி தூங்காது. காதலிக்க நேரமில்லை படத்தில் நகைச்சுவையாக இருந்த அதே விஷயம், நாலு தறி வீட்டில் நடந்தால் துக்கக் கதை. இந்த வித்தியாசத்தை வாலிபர்கள் மறந்துவிடக் கூடாது.

அதற்காகப் பையன் ஆசையே படக்கூடாது என்று சொல்ல முடியுமா? முடியாது. அதே 1964-ல் வந்த இன்னொரு படம் "சர்வர் சுந்தரம்". அதிலும் நாகேஷ். ஓட்டலில் சாப்பாடு பரிமாறுகிற ஏழை, சினிமாவில் பெரிய நடிகனாக உயருகிறான். அந்த நாகேசே நிஜத்தில் ரெயில்வேயில் கிளார்க் வேலை பார்த்தவர்தான். நாடகம் போட்டு, நடித்து, தேறிய பிறகு கோடம்பாக்கம் கூப்பிட்டது.

கவனியுங்கள். சுந்தரம் போர்டு மாட்டவில்லை. ரெயில்வே கிளார்க்கும் போர்டு மாட்டவில்லை. இரண்டு பேரும் வேலையைக் காட்டினார்கள்.

போலி ஓகோக்கள்

செல்லப்பாவாவது அப்பாவிடம்தான் கேட்டார். சொந்த வீட்டுக்குள் நடந்த வம்பு. ஆனால் ஊருக்குள் இன்னொரு ஜாதி ஆசாமிகள் உண்டு. அவர்கள் அடுத்தவர் அப்பாவிடம் கேட்பவர்கள்!

வழி எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். முதலில் லாட்ஜில் ஒரு ரூம். இப்போது அதுகூட வேண்டாம், செல்போனில் ஒரு விளம்பரமே போதும். "புதிய படத்துக்கு நடிகர், நடிகை தேவை. முன் அனுபவம் தேவையில்லை." ஆசைப்பட்டுப் போனால் போட்டோ ஆல்பத்துக்கு ஒரு தொகை. மேக்கப் டெஸ்டுக்கு ஒரு தொகை. யூனியன் கார்டு வாங்கித் தருவதாகச் சொல்லி இன்னொரு தொகை. கொஞ்சம் வசதியான வீட்டுப் பையன் என்று தெரிந்தால், "தம்பி, நீயே பார்ட்னரா வந்துடு, போஸ்டர்ல உன் பேரும் வரும்" என்பார்கள்.

போஸ்டரில் பெயர் வராது. ஆசாமி கம்பி நீட்டிய பிறகு போலீஸ் ஸ்டேஷன் புகாரில்தான் பெயர் வரும்.

பெண் பிள்ளைகள் விஷயம் இன்னும் மோசம். "டெஸ்ட் எடுக்க வேண்டும், தனியாக வா" என்று ஒருவன் கூப்பிட்டால் அங்கே காமிரா இருக்காது, வலைதான் இருக்கும். கூட ஒரு பெரியவர் வரக்கூடாது என்று சொல்கிற கம்பெனி எதுவும் கம்பெனியே அல்ல.

மோசடிக்கு 420 என்று ஒரு பட்டப் பெயரே இருந்தது. அது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் பிரிவு. 2024-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி முதல் புதிய சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அதில் மோசடிக்கு 318-வது பிரிவு. சட்டத்தில் நம்பர் மாறிவிட்டது. ஆசாமிகள் மாறவில்லை!

ஏமாந்தவர்களில் பலர் வெட்கப்பட்டுக்கொண்டு புகாரே கொடுப்பதில்லை. அதுதான் அந்த ஆசாமிகளுக்கு முதல். ஒருத்தர் வாயை மூடினால் அடுத்த ஊரில் ஒன்பது பேர் ஏமாறுவார்கள். கொடுத்த பணத்துக்கு ரசீது இருக்கிறதோ இல்லையோ, போனில் பணம் அனுப்பிய கணக்கு இருக்கும். அதை எடுத்துக்கொண்டு நேராகப் போலீசுக்குப் போக வேண்டும். ஏமாந்ததில் வெட்கம் இல்லை. ஏமாற்றியவன்தான் வெட்கப்பட வேண்டும்.

இன்னொரு தறி ஊரில்...

குறைந்த செலவில் படம் எடுக்கவே முடியாதா? முடியும். எடுத்துக் காட்டிய ஊரும் ஒன்று இருக்கிறது. அதுவும் சங்கரன்கோவில் மாதிரி விசைத்தறி ஊர்தான்!

மராட்டிய மாநிலம் நாசிக் மாவட்டத்தில் மாலேகான் என்று ஓர் ஊர். எந்நேரமும் தறிச் சத்தம். வெள்ளிக்கிழமை தறி லீவு. அன்றைக்குத் தொழிலாளிகள் சினிமாவுக்குப் படை எடுப்பார்கள்.

அந்த ஊரில் வீடியோவில் படம் காட்டும் கொட்டகை நடத்தி வந்தவர் நாசிர் ஷேக். அவருக்குப் படம் எடுக்கும் ஆசை வந்தது. அவர் பம்பாய்க்கு ரெயில் ஏறி வாய்ப்புத் தேடி அலையவில்லை. உள்ளூர் ஆட்களையே நடிக்க வைத்து, "ஷோலே" படத்தைக் கேலி செய்து "மாலேகான் கே ஷோலே" எடுத்தார். செலவு சுமார் 50 ஆயிரம் ரூபாய் என்கிறார்கள். ஊர் ஜனம் கொண்டாடித் தீர்த்தது.

டிராலிக்கு எங்கே போனார்? சைக்கிளில் காமிராவோடு ஆளை உட்கார வைத்துத் தள்ளினார். கிரேன் வேண்டும் என்றால்? மாட்டு வண்டியைச் சாய்த்து நுகத்தடிப் பக்கம் காமிராவை ஏற்றினார். இதுதான் ஐயா மூளை!

பிறகு "சூப்பர்மேன்" கதையையே எடுக்கக் கிளம்பினார். சூப்பர்மேன் யார் தெரியுமா? ஷபீக் என்ற தறித் தொழிலாளி. ஒட்டி உலர்ந்த தேகம். காற்று அடித்தால் தானாகவே பறந்துவிடுவார்! படப்பிடிப்பின்போது காமிரா தண்ணீருக்குள் விழுந்தது. வேலை நின்றது. சரிசெய்து மறுபடியும் எடுத்தார்கள். இதையெல்லாம் பைசா அகமது கான் என்ற பெண் டைரக்டர் கூடவே இருந்து படம் பிடித்து, "சூப்பர்மென் ஆப் மாலேகான்" என்று டாக்குமெண்டரியாக வெளியிட்டார். அது பல நாட்டுத் திரைப்பட விழாக்களுக்குப் போனது. இந்தக் கதையே 2025-ம் ஆண்டு "சூப்பர்பாய்ஸ் ஆப் மாலேகான்" என்ற இந்திப் படமாகத் தியேட்டருக்கு வந்தது. ரீமா காக்தி டைரக்டு செய்தார்.

ஒரு வருத்தமும் உண்டு. அந்த சூப்பர்மேன் ஷபீக், புற்றுநோய்க்கு இளம் வயதிலேயே பலியாகிவிட்டார். ஆனால் படத்தில் அவர் இன்றைக்கும் பறந்துகொண்டு இருக்கிறார். ஒரு தறித் தொழிலாளிக்கு அப்படி ஓர் அடையாளத்தைக் கொடுத்தது பெரிய கம்பெனி அல்ல. ஊர்க்காரர்கள் சேர்ந்து எடுத்த சின்னப் படம்.

மாலேகான் ஆட்களுக்கும் செல்லப்பாவுக்கும் என்ன வித்தியாசம்? செல்லப்பா முதலில் கம்பெனியை ஆரம்பித்தார், அவர்கள் முதலில் படத்தை ஆரம்பித்தார்கள். அதுதான் வித்தியாசம்.

ஓடத் தெரிந்தால் போதும்

தமிழ்நாட்டிலும் இந்தக் கெட்டிக்காரத்தனம் இருந்தது. 1977-ல் பாரதிராஜாவின் முதல் படம் "16 வயதினிலே" வந்தது. தயாரித்தவர் எஸ்.ஏ.ராஜ்கண்ணு. ஒரு பாட்டில் ஸ்ரீதேவி மெதுவாக மிதந்து ஓடி வர வேண்டும். அதற்குத் தனிக் காமிரா தேவை. கையில் அந்த வசதி இல்லை. என்ன செய்தார்கள்? ஸ்ரீதேவியையே மெதுவாக ஓடச் சொல்லிவிட்டார்கள்! தியேட்டரில் பார்த்தவர்கள் சொக்கிப் போனார்கள்.

ஸ்ரீதரே இதில் கில்லாடிதான். "காதலிக்க நேரமில்லை"க்கு இரண்டு வருடம் முன்பு, 1962-ல் "நெஞ்சில் ஓர் ஆலயம்" எடுத்தார். கிட்டத்தட்ட முழுப் படமும் ஒரே ஆஸ்பத்திரி செட். ஒரு மாதத்துக்குள் படப்பிடிப்பு முடிந்தது. படம் வெற்றி! சிக்கனம் தெரிந்த அந்த ஆள்தான், சிக்கனமும் இல்லாமல் சரக்கும் இல்லாமல் படம் எடுக்கக் கிளம்பும் செல்லப்பாவை வைத்துச் சிரிப்புக் காட்டினார். தொழில் தெரிந்தவர் செய்த கேலி. அதனால்தான் அது இன்னும் குத்துகிறது.

அந்தக் காலத்தில் பிலிம் செலவே ஆளை விழுங்கும். 1,000 அடிச் சுருள் ஓடுவது சுமார் 11 நிமிடம். தப்பாக எடுத்தால் சுருளும் போச்சு, காசும் போச்சு. இப்போது பிலிம் இல்லை. செல்போனிலேயே காமிரா. எடுத்ததை அழித்து மறுபடியும் எடுக்கலாம். ஆகவே "காசில்லை, அதனால் பழக வழியில்லை" என்ற சாக்கு இன்றைய வாலிபனுக்குக் கிடையாது.

கிடைக்காத சாக்கு இன்னொன்றும் உண்டு. "கதை இல்லை" என்ற சாக்கு!

சங்கரன்கோவிலில் கதைக்கா பஞ்சம்? பூ மார்க்கெட்டில் மல்லிகை விலை காலையில் ஏறி மதியம் இறங்குவதற்குள் எத்தனை குடும்பம் சிரிக்கிறது, எத்தனை குடும்பம் அழுகிறது! ஆடித்தபசுக்குக் கூடும் கூட்டத்தில் ஆளுக்கு ஒரு வேண்டுதல். கோவிலில் புற்றுமண் எடுத்துப் போகிற ஒவ்வொரு கைக்குப் பின்னாலும் ஒரு நோயும் ஒரு நம்பிக்கையும். தறிக் கொட்டகையில் நின்று காது மந்தமான பெரியவர்கள், பேசுவதை விட்டுக் கையாலேயே கதை சொல்கிறார்கள். இதையெல்லாம் விட்டுவிட்டு, பார்த்த படத்தையே திருப்பிப் பார்த்து அதே கதையை எழுதினால் யாருக்கு வேண்டும்?

செய்ய வேண்டியது என்ன?

பொதிகை எக்ஸ்பிரசில் மாலையில் ஏறினால் மறுநாள் காலையில் சென்னை. ஏறுவது சுலபம். ஏறும் முன்பு வாலிபர்களும் பெற்றோரும் மனதில் வைக்க வேண்டியவை இவை:

முதலாவது, பத்து நிமிடப் படம் ஒன்று எடுத்து ஊருக்குக் காட்டுங்கள். தெருவில் நாலு பேரைப் பத்து நிமிடம் உட்கார வைக்க முடியாதவன், ஊர் பேர் தெரியாதவர்களை இரண்டரை மணி நேரம் எப்படி உட்கார வைப்பான்?

இரண்டாவது, தறி, வீடு, தாலி -- இந்த மூன்றையும் தொடாதீர்கள். போனால் போகட்டும் என்று விடக்கூடிய பணத்தை மட்டுமே சினிமாவில் போட வேண்டும். போனால் உயிர் போகும் என்கிற பணத்தைப் போடக்கூடாது.

மூன்றாவது, கூட்டாளியாக இருந்தாலும், சித்தப்பா மகனாக இருந்தாலும், பணம் எவ்வளவு, பங்கு எவ்வளவு, யார் பெயர் எங்கே வரும் என்பதை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மாமன் மச்சான் என்று ஆரம்பித்துக் கோர்ட்டில் முடிந்த சினிமாக்கள் உண்டு.

நாலாவது, வேலை செய்கிறவனுக்குக் கூலி கொடுங்கள். சின்னப் படம் என்று சொல்லி லைட் பிடிக்கிற ஆளுக்கும், சமையல்காரருக்கும், டிரைவருக்கும் கடன் சொல்வது மோசடிக்கு அடுத்த வீடு. தறியில் கூலி பிடித்தால் எப்படி வலிக்கும் என்று தெரிந்த ஊர் இது. "படம் ஓடட்டும், தர்றேன்" என்று சொல்ல சங்கரன்கோவில்காரனுக்கு வாய் வரக்கூடாது.

ஐந்தாவது, நடிக்க வாய்ப்புத் தருகிறவன் உங்களுக்குப் பணம் தர வேண்டும். உங்களிடம் பணம் கேட்டால், அந்த இடத்திலேயே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பையன் சினிமா என்று வாயெடுத்தாலே விளக்குமாற்றை எடுக்காதீர்கள். அடித்து விரட்டினால் அவன் நேராகப் போய் விழுவது அந்தப் போலி ஓகோக்களின் கையில்தான். வீட்டில் கேட்க ஆள் இல்லாதவன்தான் வெளியே ஏமாறுகிறான்.

இந்த இடத்தில் பாலையாவிடம் பாடம் படிக்கலாம்.

பையன் கதை சொல்கிறேன் என்று வந்து உட்காருகிறான். பேய்க் கதை. அவன் கையில் காமிரா இல்லை, லைட் இல்லை, செட் இல்லை. வாயாலேயே சத்தம் போடுகிறான். கதவைத் திறக்கிறான், காற்றாக வீசுகிறான், கண்ணை உருட்டுகிறான். கேட்கிற அப்பாவுக்கு வேர்த்துக் கொட்டுகிறது! பட்டப் பகலில் எஸ்டேட் முதலாளி நடுங்குகிறார்.

பாலையா துரத்தவில்லை. உட்கார்ந்து முழுசாகக் கேட்டார், பயந்தார். ஆனால் பணப்பையை மட்டும் திறக்கவில்லை. தமிழ்நாட்டு அப்பாக்கள் செய்ய வேண்டியது அதுதான். காதைக் கொடுங்கள். கல்லாவைக் கொடுப்பது அப்புறம்.

செல்லப்பா அறியாத ஒன்றும் அந்தக் காட்சியில் இருக்கிறது. எந்தச் செலவும் இல்லாமல் ஒருத்தரைக் கிடுகிடுக்க வைத்தாரே, அதுதான் சினிமா! அந்த நிமிடமே அவர் படத்தை எடுத்து முடித்துவிட்டார். அது தெரியாமல், பணம் இல்லையே என்று கடைசி வரைக்கும் அப்பா பின்னால் அலைந்தார்.

சங்கரன்கோவில் செல்லப்பாக்களுக்காவது அது தெரியட்டும். சொல்லத் தெரிந்தவனுக்கு ஒரு செல்போன் போதும். சொல்லத் தெரியாதவனுக்கு நாலு தறியை விற்றாலும் போதாது!